பன்னிரண்டும் பச்சை

"வணக்கமுங்க சார்!"

பூவரசன் போட்ட சத்தத்தில் அர்த்தநாரியின் கையிலிருந்த டீ பாதி சட்டையில் கொட்டியது.

"மெதுவாப் பேசுப்பா. நான் என்ன ஈரோட்டுலயா நிக்கறேன்?"

பூவரசன் சிரித்தான். முப்பது வயது, ஒடிசலான உடம்பு, தலைமுடியில் ஒட்டிக்கொண்டிருந்த பஞ்சுத் துணுக்கு. பள்ளிபாளையத்தில் விசைத்தறி ஓட்டுகிறவன். மூன்று மாதத்துக்கு முன்னால் இதே ஆய்வு நிலையத்தில் கையை நீட்டி, காகிதக் கோப்பைக்குள் அடைத்த ஐந்து கொசுக்களிடம் கடி வாங்கிக்கொண்டு, பதினெட்டு நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்து வீட்டுக்குப் போனவன்.

"ரெண்டாவது ரவுண்டுக்கு ஆள் எடுக்கறாங்கன்னு கேள்விப்பட்டனுங்க. அதான் மொத ஆளா வந்துட்டேன். சார், என்ற படம் இன்னும் இருக்குதுங்களா?"

"இருக்குது, இருக்குது. போய்ப் பாரு."

படம் இருந்தது. கூடத்தின் வெளிச்சுவர் முழுக்க ஒரே ஃப்ளெக்ஸ். தொண்ணூற்றாறு முகங்கள், ஒவ்வொரு முகத்துக்கும் கீழே பெயர், ஊர், 12/12. உச்சியில் 'எங்கள் சாதனைத் தன்னார்வலர்கள்' என்று கொட்டை எழுத்து. ஒரு காலத்தில் ரிசல்ட் வந்த மறுநாள் காலையில் பள்ளிக்கூடங்கள் பஸ் ஸ்டாண்டில் கட்டி வைக்குமே, அதே தினுசு. யோசனை அர்த்தநாரியுடையது. அவருக்கு அந்தத் தினுசுதான் தெரியும்.

இருபத்திரண்டு வருஷம் நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளி ஒன்றில் வேதியியல் வாத்தியாராக இருந்தவர் அவர். 'அர்த்தநாரி சார்கிட்ட விட்டா செங்கல்லுகூட சென்டம் வாங்கும்' என்று பெற்றோர்கள் பேசிக்கொள்வார்கள். பிறகு புரிமானி வந்தது. நெற்றியில் கட்டிக்கொள்ளும் ஒரு பட்டை. அதன் ஓரத்தில் பட்டாணி அளவில் ஒரு விளக்கு. மனப்பாடம் செய்ததை ஒப்பித்தால் மஞ்சள். புரிந்து சொன்னால் பச்சை. பள்ளிக்கூடங்களில் சோதனைக்கு மாட்டிப் பார்த்தார்கள். மாநிலமே மஞ்சளாக எரிந்தது. இரண்டு வருஷத்தில் பொதுத்தேர்வையே எடுத்துவிட்டார்கள். அர்த்தநாரிக்கு வேலை போனது.

போன வேலையை அதே மானிதான் வேறு ரூபத்தில் திருப்பிக் கொடுத்தது.

நீலக்காய்ச்சல் அப்போது நான்காவது மழைக்காலமாகக் குழந்தைகளை வாரிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. நகக்கண் நீலமாகும், மூன்றாம் நாள் எல்லாம் முடிந்துவிடும். பெரியவர்கள் சில வாரம் கிடந்து எழுந்துவிடுவார்கள். தடுப்பூசி ஒன்று தயாராக இருந்தது. வேலை செய்யுமா என்று தெரியாது. ஊசி போட்டு ஊருக்குள் அனுப்பிவிட்டு யாருக்குக் காய்ச்சல் வருகிறதென்று காத்திருந்தால் ஐந்து வருஷம். பாதிப் பேருக்கு ஊசி, பாதிப் பேருக்கு வெறும் உப்புத்தண்ணீர் என்று போட்டு, எல்லோருக்கும் வேண்டுமென்றே நோயைக் கொடுத்துப் பார்த்தால் ஐந்து மாதம். அரசாங்கம் இரண்டு நிபந்தனையோடு சரி என்றது. நாள் கூலிக்கு மேல் ஒரு பைசா கொடுக்கக் கூடாது. ஏழையை ஆசைகாட்டி இழுத்த பாவம் வேண்டாம். அப்புறம், வருகிறவர் ஒவ்வொருவரும் பன்னிரண்டு கேள்விக்கும் புரிமானியில் பச்சை வாங்க வேண்டும்.

நல்ல சட்டம்தான். ஆனால் யாருக்குப் பச்சை எரிந்ததோ அவர்கள் கும்பிடு போட்டுவிட்டு எழுந்து போனார்கள். யார் இருக்கத் தயாரோ அவர்களுக்கு மஞ்சள் எரிந்தது. நான்கு மாதத்தில் ஒருவர்கூடத் தேறவில்லை. அப்போதுதான் நிலையத்தின் தலைவி டாக்டர் வசுமதி, யாரோ சொல்லி, அர்த்தநாரியைத் தேடிப் பிடித்தாள்.

அர்த்தநாரி பட்டையைத் தன் தலையிலேயே கட்டிக்கொண்டு பதினோரு நாள் உட்கார்ந்தார். பன்னிரண்டாம் நாள் மானியின் குட்டு அவருக்குப் பிடிபட்டது. சொல்லுகிற வார்த்தைக்குப் பின்னால் வாழ்ந்து பார்த்த அனுபவம் ஒன்று இருக்கிறதா என்றுதான் அது தேடுகிறது. எந்த அனுபவம் என்று அதற்குத் தெரியாது.

அவ்வளவு போதும். கேள்விக்கொரு அனுபவத்தை அவரவர் பிழைப்பிலிருந்தே எடுத்துக் கட்டிக் கொடுத்தார். ஆறாவது கேள்விக்கு வாய்க்கால் மதகு, ஏழாவதுக்குக் கல்யாணப் பந்தல். பள்ளிபாளையத்து ஆட்களுக்கு ஒன்பதாவது கேள்வி மிகவும் சுலபம். கேட்கும் திறனுக்கு என்ன ஆகலாம்? 'இருநூறு பேரில் ஒருவருக்குக் காது நிரந்தரமாகக் கேட்காமல் போகலாம்.' இதைச் சொல்லும்போது தறி நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போகிற நேரத்தை நினைத்துக்கொள்ளச் சொன்னார். காது அடைத்து, பேசுவதெல்லாம் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்குமே, அந்த நேரத்தை. பச்சை சட்டென்று எரியும்.

பத்தாம் வகுப்பை மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் விட்ட பூவரசன், பன்னிரண்டாவது பச்சை எரிந்த அன்று அவர் காலில் விழுந்து எழுந்தான்.

இப்போது அவன் ஃப்ளெக்ஸ் முன்னால் நின்று தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அர்த்தநாரி பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"பூவரசா, டீ சாப்படறியா?"

அவன் திரும்பவில்லை.

"பூவரசா!"

அந்த நேரம் பார்த்து கேண்டீனில் யாரோ ஒரு தட்டு அடுக்கையே கீழே போட்டார்கள். வராந்தாவில் இருந்த அத்தனை பேரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். பூவரசன் மட்டும் ஃப்ளெக்ஸில் தன் பெயரின் மேல் ஒட்டியிருந்த தூசியை விரலால் துடைத்துக்கொண்டிருந்தான்.

அர்த்தநாரி போய் அவன் தோளைத் தொட்டார்.

"உனக்குக் காது கேக்குதா?"

பூவரசன் அவர் வாயைப் பார்த்தான். "இப்போதைக்கு இல்லீங்க சார்," என்றான், கடையில் சர்க்கரை தீர்ந்துபோனதைச் சொல்கிற மாதிரி.

"எத்தனை நாளா?"

"காச்ச விட்டதுல இருந்துங்க."

"இப்ப நான் பேசறது?"

"வாயப் பாத்துத்தானுங்க. நாப்பது தறி ஓடற குடோன்ல எவனுக்குச் சார் காது கேக்குது? எல்லாம் வாயப் பாத்துத்தான பேசறோம். என்ற ஊட்டுக்காரியே ஒரு மாசம் களிச்சுத்தான் கண்டுபுடிச்சா."

"இங்க காது டெஸ்ட் எடுத்தாங்களே!"

"பாஸ் பண்ணிட்டனுங்களே." அவன் முகத்தில் பெருமை. "அந்த நர்ஸம்மா பொத்தான அமுக்கறப்பெல்லாம் புருவத்தத் தூக்குவாங்க சார். கண்ணாடியில நல்லாத் தெரியும். அவிய புருவத்தத் தூக்குனா நான் கையத் தூக்குவேன். இருவதுக்கு இருவது!"

"ஏம்ப்பா அப்படிப் பண்ணே?"

"டெஸ்ட்டுன்னா பாஸ் பண்ணோணுமில்லீங்க. ஃபெயிலானா ரெண்டாவது ரவுண்டுக்குச் சேத்துவாங்களா?"

அர்த்தநாரி இன்னும் கிட்டே வந்தார். "காது போயிருச்சேன்னு உனக்குப் பயமா இல்லியா?"

"எதுக்குங்க பயம்? அது வந்துருமில்ல. நீங்கதான சொன்னீங்க, தறி மாதிரின்னு. எட்டு மணி நேரம் தறிக்கு ஒரு ராத்திரி தூங்கி எந்திரிச்சாச் செரியாப் போகுது. இது பதினெட்டு நாள் காச்ச. நானா ஒரு மனக்கணக்குப் போட்டேன். ஆறு மாசம் ஆகுமாட்ட இருக்குது. பாதி போச்சு, பாதிதான் பாக்கி." அவன் குரலைத் தாழ்த்துவதாக நினைத்துக்கொண்டு கத்தினான். "பாப்பா இப்ப 'அப்பா'ன்னு சொல்லுதுங்க. வாயப் பாத்தேன். அதை மட்டும் சீக்கிரம் கேக்கோணும்னு ஆச."

அர்த்தநாரி சட்டையில் இருந்த டீக்கறையைத் தேய்த்தார். அவன் விடுகிறவனாக இல்லை.

"ரெண்டாவது ரவுண்டுல புதுசா ஒரு கேள்வி இருக்குதாமா? மறுக்கா காச்ச வந்தா கண்ணு மங்கலாம்னு? அதுக்கும் ஊட்டுலயே பழகிட்டு வந்துட்டனுங்க. பஞ்சுத் தூசி கண்ணுல உளுந்தா ஒரு நாள் பூராப் பொகையாத் தெரியுமில்ல, அதை நெனச்சுக்கறது. செரிதானுங்க சார்?"

நேற்று என்றால் இந்தப் பதிலுக்கு அர்த்தநாரி அவன் முதுகில் தட்டிக் கொடுத்திருப்பார்.

"உள்ள போய் உக்காரு. வர்றேன்," என்று மட்டும் சொல்லிவிட்டு மாடிப்படி ஏறினார்.

டாக்டர் வசுமதி கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள், முழுவதையும். அவர் முடித்தபோது திரையை அணைத்தாள்.

"வியாழக்கிழமை அறிக்கை போகுது சார். காது இழப்பு பூஜ்யம்னு எழுதியிருக்கேன்."

"ஒருத்தனுக்குப் போயிருக்குதுங்க டாக்டர்."

"ஒருத்தர்னா எழுதிடுவேன். இருநூத்துல ஒண்ணுன்னு நாமே சொன்னதுதானே. என் கேள்வி அது இல்லை. தொண்ணூத்தாறு பேர்ல இன்னும் எத்தனை பேர் நர்ஸோட புருவத்தைப் பார்த்தாங்க?"

"தெரியாதுங்க."

"எனக்கும் தெரியாது. எல்லாரும் உங்ககிட்டப் படிச்சவங்க."

அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. அதனால்தான் கூடுதலாக வலித்தது.

"அவன்கிட்ட உண்மையைச் சொல்லோணும்," என்றார் அர்த்தநாரி.

"சொன்னா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா? அவர் புரிஞ்சு சம்மதிக்கலைன்னு ஆகும். அவர் மட்டும் இல்லை, தொண்ணூத்தாறு பேரும். சம்மதம் செல்லாதுன்னா ஆய்வே செல்லாது. முதல்லேருந்து ஆரம்பிக்கணும். அஞ்சு வாரத்துல மழை. இந்த மழைக்கு ஊசி கிடையாது. போன மழையில எத்தனை குழந்தைங்கன்னு நான் சொல்ல வேண்டாம்."

"அப்ப சொல்ல வேண்டாங்கறீங்களா?"

"நான் அப்படிச் சொல்லலை." வசுமதி பேனாவை மூடித் திறந்து மூடினாள். "ரத்த அழுத்தம் சரியில்லைன்னு எழுதி அவரை இந்த ரவுண்ட்ல கழிச்சுடலாம். கண்ணாவது பிழைக்கும். அது என்னால முடியும்."

"அவன் காத்துக்கிட்டு இருப்பானுங்களே."

"எதுக்கு?"

"காது வர்றதுக்கு."

வசுமதி பேனாவை மேஜைமேல் வைத்தாள்.

"ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. பாடம் நடத்தும்போது உங்களுக்குத் தெரியலையா? தறிச் சத்தத்துல அடைச்ச காது காலையில திறந்துக்கும். அவங்க அதைத்தானே புரிஞ்சுக்குவாங்க?"

இல்லை என்று சொல்லிவிடலாம். மானி எதுவும் அவர் நெற்றியில் இல்லை.

"தோணுச்சுங்க," என்றார். "ஒரே ஒரு தடவை. 'இவன் காலையில வந்துரும்னு நெனச்சுக்குவானே'ன்னு. தோணின அதே நேரத்துல விளக்கு பச்சையா எரிஞ்சிருச்சு. அதுக்கப்புறம் நான் அதை நெனைக்கவே இல்லை. பச்சை எரிஞ்சா எனக்கு வேற எதுவும் தோணாதுங்க, டாக்டர். இருபத்திரண்டு வருசப் பழக்கம்."

அவள் தலையை ஆட்டினாள்.

"உங்களுக்குங்க?" என்று கேட்டார் அர்த்தநாரி.

"நான் இந்த எட்டு மாசத்துல உங்க வகுப்புக்கு ஒரு தடவைகூட வந்து பார்த்ததில்லை. ஏன்னு நினைச்சீங்க?" வசுமதி எழுந்து போய் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். "நீங்க சொல்லப் போனா நான் தடுக்க மாட்டேன். என்னைச் சொல்லச் சொல்லாதீங்க. அதுக்கு எனக்குத் தைரியம் இல்லை."

படியிறங்கும்போது அர்த்தநாரி இரண்டு தடவை நின்றார். ரத்த அழுத்தம் என்ற யோசனை அப்படியொன்றும் மோசமில்லை. அவன் கண் தப்பிக்கும். ஊசி ஊருக்குப் போகும். காத்திருக்கிறவன் காத்திருந்து காத்திருந்து ஒரு நாள் தானாகவே தெரிந்துகொள்வான். அன்றைக்கு அர்த்தநாரி பக்கத்தில் இருக்க வேண்டியதில்லை. இந்தக் கடைசி எண்ணம் வந்தபோது அவருக்கே தன்மேல் கூச்சமாக இருந்தது. கூச்சத்தோடேயே கடைசிப் படி வரைக்கும் அதை வைத்துக்கொண்டும் இருந்தார்.

கூடத்தின் கதவைத் திறந்தார்.

பூவரசன் பலகை முன்னால் நின்றிருந்தான். தலையில் பயிற்சிப் பட்டை. எதிரே பெஞ்சில், இதற்குள் வந்து சேர்ந்திருந்த ஏழு பேர்: அவனோடு தறி ஓட்டுகிற நாலு ஆண்கள், இரண்டு பெண்கள், ஓரத்தில் அவன் மனைவி ஜீவிதா.

"நல்லாக் கவனிங்க. ஒம்பதாவது கேள்வி. வார்த்தையப் புடிக்காதீங்க. என்னத்தப் புடிக்கக் கூடாது?"

"வார்த்தைய!" என்றார்கள் எல்லோரும்.

"ஆங்! கண்ண மூடிக்கோங்க. தறிய நிறுத்தியாச்சு. சைக்கிளத் தள்ளிக்கிட்டு ஊட்டுக்குப் போறீங்க. காதுல ஞொய்ங்குனு ஒரு சத்தம். ஊட்டுல என்னமோ பேசறாங்க, ஒண்ணும் உளுகல. அதை அப்பிடியே நெஞ்சுல வெச்சுக்கிட்டு இப்பச் சொல்லுங்க…"

கையை ஆட்டுவது அர்த்தநாரியின் கை. 'ஆங்' அர்த்தநாரியின் ஆங். கண்ணை மூடச் சொல்லிவிட்டுக் குரலை இறக்குகிற இடம்கூட அவருடையதுதான். இறக்கத் தெரியாமல் கத்தினான், அவ்வளவுதான் வித்தியாசம். பெஞ்சில் ஏழு பேர் கண்ணை மூடிக்கொண்டு நிம்மதியான முகத்தோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள்.

"நிறுத்துப்பா," என்றார் அர்த்தநாரி.

அவனுக்குக் கேட்கவில்லை. கண் திறந்த ஜீவிதாதான் அவரைக் கைகாட்டினாள். பூவரசன் திரும்பினான்.

"வாங்க சார்! நேரம் போகலியேன்னு கொஞ்சம் சொல்லிக் குடுத்தேன். நம்ம குடோன் ஆளுங்க. எல்லாரும் பன்னெண்டும் பச்சை வாங்கிருவாங்க, பாருங்க."

"பூவரசா, நான் உனக்குச் சொல்லிக் கொடுத்தது தப்பு. உன் காது…"

"தலைய நிமுத்துங்க சார். வாய் தெரியல."

அர்த்தநாரி தலையை நிமிர்த்தப் பார்த்தார். முடியவில்லை. திரும்பி, மார்க்கரை எடுத்து, பலகையில் எழுதினார். வாத்தியார் எழுத்து, பெரிசு பெரிசாக, கோணலில்லாமல்.

உன் காது இனிமேல் கேட்காது.

பூவரசன் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, சத்தம் போட்டுப் படித்தான். படித்து முடித்ததும் கையைத் தூக்கினான்.

"இது எத்தனாவது கேள்விக்குப் பதிலுங்க சார்?"

யாரும் சிரிக்கவில்லை. அர்த்தநாரி அவன் பக்கம் திரும்பி, இந்தத் தடவை முகத்தை நிமிர்த்தி, "கேள்விக்கு இல்லப்பா," என்றார்.

அவனுக்கு ஏதோ பிடிபடவில்லை என்று தெரிந்தது. நல்ல மாணவன், விட மாட்டான். பட்டையை நெற்றியில் சரிசெய்துகொண்டு, பலகையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "என் காது இனிமேல் கேட்காது." எதிரே கண்ணாடித் தடுப்பில் தன் விளக்கைப் பார்த்தான். மஞ்சள். நிறுத்தி, உறுதியாக, மறுபடி சொன்னான். மஞ்சள்.

"புடிக்கலீங்க சார்," என்றான் பூவரசன். "இதுக்கு எதை நெனச்சுக்கோணும்?"

அர்த்தநாரி முதன்முறையாக ஒரு மஞ்சள் விளக்கைப் பார்த்து, இது இப்படியே எரிந்துகொண்டிருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டார்.

ஜீவிதா எழுந்து வந்தாள். "நானும் ரெண்டு மாசமாச் சொல்றனுங்க சார், பெரிய டாக்டர்கிட்டக் காமிக்கலாம்னு. 'சார் சொல்லிட்டாரு, வந்துரும்'னு ஒரே புடிவாதம்." அவள் பலகையைக் காட்டினாள். "வராதுங்களா சார்? நெசமாவே?"

அர்த்தநாரி தலையசைத்தார்.

அவள் புருஷனின் மோவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். தறிக்குடோனில் பேசுகிற மாதிரி, வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

"பாப்பா உங்களக் கூப்படறது, உங்களுக்கு எப்பவுமே கேக்காதுங்க. அது பெரிசாகி, கல்யாணமாகிப் போனாலும் கேக்காது."

பூவரசன் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். விளக்கு மஞ்சளிலிருந்து அணைந்தது. பிறகு பச்சையாக எரிந்தது. நிலையாக, துடிக்காமல். அவன் கண்ணாடியில் அதைப் பார்க்கவில்லை.

பட்டையை அவிழ்த்துப் பெஞ்சில் வைத்தான்.

"அப்ப நான் அன்னிக்குப் பாஸ் பண்ணலீங்களா, சார்?"

"இல்லப்பா."

"பாஸ் பண்ணாதவன் படத்த எதுக்குங்க மாட்டுனீங்க?"

பெஞ்சில் இருந்தவர்களில் ஒருவன் மெல்ல எழுந்து செருப்பைத் தேடினான். இன்னொருவன் அவனைப் பார்த்து எழுந்தான். ஒரு பெண் மட்டும் பக்கத்திலிருந்தவளிடம், "அப்ப தறி மாதிரி இல்லியாக்கா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

பூவரசன் ஜீவிதாவின் கையைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை போனான். வெளிச்சுவரில் அந்தத் தொண்ணூற்றாறு முகங்கள் தெரிந்தன. நின்றான். திரும்பினான்.

"மத்த தொண்ணூத்தஞ்சு பேரு?"

அர்த்தநாரி கீழே பார்த்துக்கொண்டு ஏதோ சொன்னார். போய்ச் சொல்லுகிறேன், வீடு வீடாகப் போகிறேன், ஒருவரையும் விடமாட்டேன் என்ற மாதிரி ஏதோ.

"தெரியலீங்க சார். நீங்க குனிஞ்சுக்கிட்டே பேசறீங்க." அவன் திரும்ப வந்து, மார்க்கரை எடுத்து அவர் கையில் திணித்தான். அதில் கோபம் இல்லை. பாடம் புரியாதவன் கேட்கிற மாதிரிதான் கேட்டான். "எழுதுங்க. என்ன பண்ணீங்க, இனி என்ன பண்ணப் போறீங்கன்னு பூரா எழுதுங்க. நான் படிச்சுக்கறேன்."

அர்த்தநாரி பலகைக்குத் திரும்பினார். எழுதினார். 'திருச்செங்கோடு அர்த்தநாரி ஆகிய நான் உங்களில் யாருக்கும் எதையும் புரிய வைக்கவில்லை. விளக்கை மட்டும் எரிய வைத்தேன்…'

பூவரசன் விரலை எழுத்தின் கீழே ஓட்டிக்கொண்டு, கூட்டிக் கூட்டி, தொண்டை கிழியப் படித்தான். தன் குரல் எவ்வளவு தூரம் போகிறதென்று அவனுக்குத் தெரியாது. கேண்டீனில் தட்டுக் கழுவுகிற சத்தம் நின்றது. ரத்தம் எடுக்கிற அறையிலிருந்து நர்ஸ்கள் வாசலுக்கு வந்தார்கள். மாடியில் ஒரு கதவு திறந்தது; டாக்டர் வசுமதி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள், கீழே இறங்கவும் இல்லை, உள்ளே போகவும் இல்லை. அர்த்தநாரி எழுத எழுத, அவன் வரி வரியாகப் படித்துக்கொண்டே போனான்.

அந்தக் கட்டடத்தில் அதைக் கேட்காதவன், படித்துக்கொண்டிருந்தவன் ஒருவன்தான்.